தீவுக் கடுதாசி 11: ரெண்டு தென்னை, ஒரு வலையூஞ்சல்

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். பெரியப்பா மகன் அண்ணன் கூப்பிட்டார். எடுத்த எடுப்புல, "மக்கா, உங்க தீவுல ஒரு ஏக்கர் என்ன வெல டே?"ன்னார்.

தண்ணி போட்டிருக்காரோன்னு நினைச்சேன். அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தா அங்க திங்கக்கிழமை காலைல ஏழரை. அந்த நேரத்துல அண்ணன் சாயாவைத் தவிர ஒண்ணும் குடிக்க மாட்டார். :-)

விஷயம் இதுதான். அண்ணனுக்கு நாப்பத்திரெண்டு வயசு. இருபது வருஷமா பெங்களூர்ல பொட்டி தட்டுறார். வீட்டுக்கடன், கார்க்கடன், முதுகுவலி எல்லாம் கிரமப்படி உண்டு. ராத்திரி தூக்கம் வராம ஒரு வீடியோ பார்த்திருக்கார். வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வேலையை விட்டுட்டு ஒரு கரீபியன் தீவுல போய் உக்காந்திருக்காங்க. ரெண்டு தென்னை, நடுவுல வலையூஞ்சல், காலடியில கோழி, பின்னாடி நீலக் கடல். "எங்களுக்கு இப்போ தேவைகளே இல்லை"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்களாம்.

"நாலு கோழி, கொஞ்சம் காய்கறி, ஒரு சின்ன வீடு. வேற என்னடே வேணும் மனுசனுக்கு? பெங்களூர் ஃபிளாட்டை வித்தா அங்க காலத்தை ஓட்டிரலாம்லா?"

இந்தக் கேள்வியை இந்த வருஷம் என்கிட்ட கேக்குற மூணாவது ஆள் அண்ணன். அதனால மொத்தமா ஒரு தடவை எழுதிப் போட்டுர்றேன். அடுத்த ஆளுக்கு சுட்டி குடுத்தா போதுமே.

புதுசா வர்றவங்களுக்கு: நான் படிக்க வந்திருக்கிற இடம் கிரனேடா. ஸ்பெயின்ல கிரனாடான்னு ஒரு ஊர் இருக்கு, அது இல்ல. இது கரீபியன் கடலோட தென்கிழக்கு ஓரத்துல இருக்கிற குட்டி நாடு. காரியாகூ, பெட்டி மார்ட்டினிக் தீவுகளையும் சேர்த்து மொத்தம் 344 சதுர கிலோமீட்டர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஐந்தில் ஒரு பங்கு. ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். பாண்டிச்சேரி இருக்கிற அட்சரேகையை அப்படியே மேற்கே இழுத்துட்டே போனா கிட்டத்தட்ட இங்க வந்து முட்டும். வெயிலும் அப்படித்தான்.

அண்ணன் மேல தப்பில்ல. வந்த முதல் மாசம் எனக்கும் அதே மயக்கம்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். செயின்ட் ஜார்ஜஸ் சந்தைக்கு முதல் தடவை போனப்ப எனக்கு அழுகையே வந்திருச்சு. சேம்பு, மரச்சீனி, ஏத்தங்காய், பச்சைத் துவரை, முள்சீத்தா, புளியை உருட்டி சர்க்கரையில பொரட்டின உருண்டை. மஞ்சளை வச்சுக்கிட்டு "சாஃப்ரன்"ங்கறாங்க. நடுவுல குவியலா ஜாதிக்காய். இந்த நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கு தெரியுமா? எல்லாத்துக்கும் மேல சீமைச்சக்கை! (சென்னைக்காரங்க கறிப்பலான்னும், இலங்கை நண்பர்கள் ஈரப்பலான்னும் படிச்சுக்குங்க.) அதைத் தேங்காப்பால், மஞ்சள், சேம்பிலை, உப்புக்கண்டம் எல்லாம் போட்டு, பால் வத்தி எண்ணெய் அடியில தங்குற வரைக்கும் வேக வைப்பாங்க. பேரு 'ஆயில் டவுன்'. தேசிய உணவு. உப்புக்கண்டத்தை எடுத்துட்டா எங்க ஆச்சி வச்ச கூட்டுதான்.

அந்த சீமைச்சக்கை எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கு. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குச் செலவில்லாம சோறு போடணும்னு, பசிபிக் தீவுகள்ல இருந்து கேப்டன் பிளை கப்பல்ல கன்னுகளை ஏத்திக் கொண்டுவந்து 1793ல பக்கத்து செயின்ட் வின்சென்ட்ல இறக்கினார். அப்படித்தான் கரீபியன் பூரா பரவுச்சு. செலவில்லாத வாழ்க்கைங்கறது இந்தத் தீவுகள்ல யாரோ ஒருத்தர் இன்னொருத்தருக்காகப் போட்ட கணக்காத்தான் ஆரம்பிச்சிருக்கு. சரி, அதை விடுங்க.

அண்ணனுக்குப் பிடிச்ச சப்ஜெக்ட் செலவு. அங்கேயே வர்றேன்.

இங்க பணம் கிழக்குக் கரீபியன் டாலர், சுருக்கமா ஈசி. 1976ல இருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70ன்னு கட்டி வச்சிருக்காங்க, அசையாது. கரண்ட் பெரும்பாலும் டீசல்ல ஓடுது, டீசல் கப்பல்ல வருது. யூனிட் ஒண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஈசி டாலர் ஆகும், அதாவது நம்ம காசுல முப்பது ரூபாய்க்கு மேல. ஏசி போட்ட முதல் மாசம் பில்லைப் பார்த்து அவ்வ்வ்வ்னு அழுதேன். ரெண்டாம் மாசம் ஏசியே போடல. அரிசி கயானாவுல இருந்து வருது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, பால்பவுடர், ஏன் கோழிக்காலே கூட ஐஸ்கட்டியா கப்பல்ல வர்றதுதான் அதிகம். அதுக்கு மேல பல சாமான்களுக்கு 15 சதவீதம் வாட். சூப்பர் மார்க்கெட்ல நம்ம ஊர்ச் சாப்பாட்டை நம்பி வாழ்ந்தா எளிமையும் கிடையாது, மிச்சமும் கிடையாது.

"அப்போ அங்கத்த ஆளுங்க எப்படிடே வாழுதாங்க?"ன்னு அண்ணன் கேட்டார்.

நல்ல கேள்வி. எங்க வீட்டுக்காரம்மாவைப் பத்திச் சொன்னாத்தான் பதில் வரும்.

அவங்களை நான் டான்ட்டின்னு கூப்பிடுவேன். இங்க அத்தை, சித்தி எல்லாருக்கும் அதான் சொல். எழுபத்தோரு வயசு. செயின்ட் டேவிட் பக்கம் ஒரு மலைச்சரிவுல ரெண்டு மாடி வீடு. கீழ நான், மேல அவங்க. வீட்டுக்குப் பின்னாடி அரை ஏக்கர் நிலம். மாசம் முழுக்க டான்ட்டி கடையில செலவு பண்ற பணம் நான் ஒரு வாரம் பண்றதைவிடக் குறைவு. எப்படின்னு ரெண்டு வருஷமா கவனிச்சுட்டு இருக்கேன்.

சீமைச்சக்கை காய்ச்சா நாலு வீட்டுக்குப் போகும். அதுல ஒரு வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர். சனிக்கிழமை அவர் பையன் ஒரு மீனை வாசல்ல தொங்க விட்டுட்டுப் போவான். இன்னொரு வீட்டுல கோழி இருக்கு, முட்டை வரும். மூணாவது வீட்டுக்காரர் வேன் ஓட்டுறார், டான்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போக காசு வாங்க மாட்டார். நாலாவது வீட்டுல இருந்து ஒண்ணும் வராது. ஏன்னு கேட்டேன். "அவ அம்மா எனக்குப் பிரசவம் பாத்தவ"ன்னாங்க. பிரசவம் நடந்து அம்பது வருஷம் ஆச்சு, கணக்கு இன்னும் முடியல! நிலத்துல பெரிய வேலைன்னா ஊரே கூடி ஒரு நாள்ல முடிச்சுக் குடுக்கும், நிலத்துக்காரர் சோறு போடணும். அதுக்கு 'மரூன்'னு பேரு. 'சூசூ'ன்னு ஒண்ணு இருக்கு, பத்து பேர் மாசா மாசம் பணம் போட்டு முறை வச்சு எடுக்கறது. நம்ம சீட்டுதான், ஆனா தள்ளு கிடையாது. வருஷக் கடைசியில புரூக்ளின்ல இருக்கிற மகன்கிட்ட இருந்து ஒரு பீப்பாய் வரும். நிஜமாவே பீப்பாய்ங்க, ஆள் உசரத்துல பாதி. அதுக்குள்ள எண்ணெய், சோப்பு, டப்பா மீன், துணிமணி, பேரப்பிள்ளைகளோட பழைய செருப்பு வரைக்கும் இருக்கும்.

ஆக டான்ட்டியோட எளிமைக்குப் பின்னாடி எழுபது வருஷக் கொடுக்கல் வாங்கல் இருக்கு. ஃபிளாட்டை வித்த பணத்தோட விமானத்துல வந்து இறங்குற அண்ணனுக்கு அதுல ஒரு மீன்கூடக் கிடைக்காது. எல்லாத்தையும் காசு குடுத்துத்தான் வாங்கணும்.

மழை கதையையும் சொல்லிர்றேன். ஜனவரியில இருந்து மே வரைக்கும் வறட்சி. 2024 மே மாசம் தண்ணிக்கு நாடு முழுக்கக் கட்டுப்பாடு போட்டாங்க. கார் கழுவ, செடிக்கு ஊத்த தடை. டான்ட்டி வீட்டுத் தொட்டியில மழைத்தண்ணி இருந்துச்சு, அந்தச் சரிவுல இருந்த அத்தனை பேரும் வாளியோட வந்தாங்க. நான் குளியலை ஒரு வாளிக்குள்ள முடிக்கப் பழகினேன் (ஊர்ல ஹாஸ்டல் வாழ்க்கை கைகொடுத்துச்சு). தண்ணி இல்லையேன்னு புலம்பி முடிக்கிறதுக்குள்ள ஜூலை 1 வந்துருச்சு. பெரில் புயல்.

எங்க பக்கம் அதிகம் அடி இல்ல. கொஞ்சம் மரம் விழுந்துச்சு, பக்கத்து வீட்டுத் தகரம் பறந்துச்சு, பல நாள் கரண்ட் இல்ல. காரியாகூ தீவுலதான் பேரழிவு. வீடுன்னு சொல்ல பத்துல ஒண்ணுகூட முழுசா நிக்கலன்னு சொன்னாங்க, படம் பார்த்தப்ப நம்ப வேண்டியிருந்துச்சு. அன்னிக்கு டான்ட்டி மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்து பெரிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இவானைப் பத்தித்தான் பேசினாங்க. 2004 செப்டம்பர் 7. நாடு பூராவும் பத்துல ஒன்பது வீட்டுக்குச் சேதம், 39 பேர் சாவு. அதுக்கு முன்னாடி உலகத்துல இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியா ஜாதிக்காய் ஏத்துமதி பண்ணின நாடு இது. டான்ட்டியோட இருபத்திரெண்டு மரமும் ஒரே மத்தியானத்துல சாஞ்சுது. ஜாதிக்காய் மரம் நட்டுக் காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும், நல்லாக் காய்க்க பதினஞ்சு இருபது. அதுலயும் ஆண் மரம், பெண் மரம்னு உண்டு. வளர்ந்து பூத்தாத்தான் எதுன்னு தெரியும். அம்பது வயசுல, அதைத் திரும்ப நட்டாங்க. இப்போ ஒன்பது மரம் காய்க்குது.

"எதுக்கு நட்டீங்க டான்ட்டி, அம்பது வயசுல?"

"அப்போ வேற என்ன பண்றது, நிலத்தைப் பாத்துட்டு நிக்கறதா?"

அவ்வளவுதான் பதில்.

எங்க வீட்டுக்கு மேல, மலை உச்சியில, அண்ணன் பார்த்த வீடியோ மாதிரியே ஒரு தம்பதி இருக்காங்க. குளிர்நாட்டுக்காரங்க. ரொம்ப நல்லவங்க, பார்த்தா நின்னு பேசுவாங்க. சோலார், மழைநீர்த் தொட்டி, வலையூஞ்சல் எல்லாம் உண்டு. டிசம்பர்ல வருவாங்க, ஜூன் பொறந்தா புயல் காலம்னு கிளம்பிருவாங்க. நிலம் வாங்கினதும் முதல் வேலையா வேலி போட்டு கேட் வச்சாங்க. அந்த நிலத்துக்குக் குறுக்காலதான் ஜனங்க மேல் தோட்டத்துக்குப் போய் வந்துட்டிருந்தாங்களாம். இப்போ சுத்திப் போகணும், இருபது நிமிஷம் கூட. உள்ள ஜூலி மாமரம் ஒண்ணு இருக்கு. மாங்கா பழுக்கற சமயத்துல அவங்க ஊர்ல இருக்க மாட்டாங்க. கேட்டுக்குள்ள பழம் விழுந்து அழுகிட்டிருக்கும், வெளிய நின்னு ஸ்கூல் பிள்ளைங்க பார்த்துட்டிருக்கும். இதுல யாரையும் குத்தம் சொல்ல எனக்கு வரல. அவங்க காசு குடுத்து வாங்கின நிலம், சட்டப்படி. ஆனா அவங்களோட அமைதிக்கு விலை குடுத்தது அவங்க மட்டும் இல்லங்கறதும் நிஜம்.

உடனே "வெளியாளே வரக்கூடாதுங்கறியா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வெளியாள் கதை இருக்கு.

மாட் கிரீன். பிறந்தப்ப வச்ச பேர் டேவிட் ஃப்ரீட்மேன். 1966ல அமெரிக்காவுல பிறந்து நியூயார்க்ல வளர்ந்தவர். அப்பா மருத்துவர், கிரனேடாவுக்கு வந்து பாடம் நடத்தினவர். அதனால சின்ன வயசுலேயே பையனுக்கு இந்தத் தீவு பழக்கம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல படிச்சு, பட்டம் வாங்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி விட்டுட்டார். (எங்கம்மா இதைப் படிக்காம இருக்கணும்.) பிலடெல்பியாவுல கைவிடப்பட்ட வீடுகள்ல குடியிருந்து, வீடில்லாதவங்களுக்குச் சோறு குடுத்துட்டு இருந்தார். அப்புறம் இங்க வந்து காட்டுக்குள்ள தானே ஒரு மூங்கில் குடிசை கட்டிக்கிட்டு வாழ்ந்தார். அண்ணனோட கனவை அண்ணனைவிட சுத்தமா வாழ்ந்த மனுஷன்னு வச்சுக்குங்களேன்.

அங்க ஜனங்க குடிக்கிற கொக்கோ டீயைக் குடிச்சிருக்கார். பட்டை, ஜாதிக்காய் எல்லாம் போட்டு கொக்கோ உருண்டையை உரசிக் காய்ச்சறது. குடிச்சதும் அவருக்கு வந்த சந்தேகம்: இவ்வளவு நல்ல கொக்கோ விளையுற ஊர்ல ஏன் ஒருத்தரும் சாக்லேட் செய்யல? விவசாயி கொட்டையைக் காயவச்சு மூட்டையில அனுப்பறான், சாக்லேட்டும் லாபமும் வேற தேசத்துல ஆகுது. (சாயாத்தூளுக்கும் ரப்பருக்கும் நம்ம பக்கம் இதே கதைதானே.) 1999ல ரெண்டு கூட்டாளிகளோட சேர்ந்து கிரனேடா சாக்லேட் கம்பெனியைத் தொடங்கினார். வடக்கே ஹெர்மிடேஜ்ங்கற ஊர்ல, வீடு மாதிரி இருக்கிற ஒரு சின்னக் கட்டடத்துல. பழைய இயந்திரங்களைத் தேடிப் பிடிச்சு சரி பண்ணி, கிடைக்காததைத் தானே செஞ்சு, சோலார்ல ஓட விட்டார். ரசாயனம் போடாம விளைவிக்கிற விவசாயிகளோட கூட்டுறவு, அவங்களுக்குக் கூடுதல் விலை. 2012ல பாய்மரக் கப்பல்ல சாக்லேட்டை ஏத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார், டீசலே இல்லாம. அவரைப் பத்தி 'நத்திங் லைக் சாக்லேட்'னு ஒரு ஆவணப்படமும் இருக்கு.

2013 ஜூன் 1ம் தேதி, சாக்லேட்டைக் கப்பல்ல குளுமையா அனுப்பறதுக்கான சோலார் கருவி ஒண்ணுல வேலை பார்த்துட்டிருந்தப்ப கரண்ட் அடிச்சு இறந்து போனார். 47 வயசு.

எளிமையா வாழணும்னு வந்த ஆள், கடைசி நாள் வரைக்கும் கையில ஸ்பேனரோட இருந்திருக்கார். நான் ஹெர்மிடேஜ் பக்கம் ஒரு தடவை போயிருக்கேன். காயப்போட்ட கொக்கோ மேல ஒரு அம்மா வெறுங்காலோட நடந்து நடந்து காலாலயே பொரட்டி விட்டுட்டிருந்தாங்க. நம்ம ஊர்ல நெல்லு காயப்போட்டு காலால கிண்டுவோமே, அதே நடை. வலையூஞ்சல் எங்கேயும் கண்ணுல படல.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். "அவன் பெரிய ஆளுடே, நமக்கு அதெல்லாம் வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்"ன்னார்.

இப்போ ஏன் இதை இவ்வளவு நீட்டறேன்னு சொல்றேன். அண்ணன் போன் பண்றதுக்கு நாலு நாள் முன்னாடி டான்ட்டி என்னை மேல கூப்பிட்டாங்க. கண்ணாடி உடைஞ்சிருச்சு, ஒரு கடுதாசியைப் படிச்சுக் காட்டணும்னாங்க. நில புரோக்கர் எழுதினது. பின்னாடி இருக்கிற அரை ஏக்கருக்கு வெளிநாட்டு ஆள் ஒருத்தர் விலை கேக்கறார். தொகையைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் மூச்சு நின்னுச்சு. கடைசியில ஒரு வரி. வாங்கறவர் அங்க எளிமையான, அமைதியான வாழ்க்கை வாழ விரும்பறாராம்.

டான்ட்டி "இன்னொரு தடவை படி"ன்னாங்க. படிச்சேன். சிரிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் நிக்கல.

"பையா, பதினாறு வயசுல இருந்து இந்த எளிமையை விட்டு ஓடத்தான் நான் பாத்துட்டிருந்தேன். யாரும் என்கிட்ட விலை கேக்கல."

நிலம் டான்ட்டி பேர்ல மட்டும் இல்ல. குடும்ப நிலம். தாத்தா காலத்துல இருந்து பிரிக்கவே இல்ல. லண்டன்ல ஒரு தம்பி, டொராண்டோவுல ஒரு தங்கச்சி, எல்லாரும் கையெழுத்துப் போடணும். புரூக்ளின் மகன் வித்துருங்கறான். அவனுக்கு வீட்டுக்கடன் இருக்கு (எல்லா ஊர்லயும் இருக்கும் போல). 2024 டிசம்பர்ல வந்திருந்தப்ப டான்ட்டி அவன்கிட்ட, "நீயே வந்து இருந்துரேன், மரம் காய்க்குது, வீடு இருக்கு"ன்னு கேட்டாங்களாம். அவன் சொன்ன பதிலை அன்னிக்குத்தான் என்கிட்ட சொன்னாங்க. வெறுங்கையோட திரும்பி வந்து வாழைக்கு மண் அணைச்சுட்டு நின்னா, புரூக்ளின் அவனைத் தோக்கடிச்சிருச்சுன்னு ஊர் பேசுமாம்.

இதைக் கேட்டு நாலு நாள் கழிச்சுத்தான் அண்ணன் போன். அதனாலதான் நான் பட்டுன்னு கேட்டுட்டேன்: "அண்ணே, மார்த்தாண்டத்துல பெரியப்பா வச்சுட்டுப் போன ஒரு ஏக்கர் இருபது சென்ட் இருக்குல்லா? கிணறு இருக்கு, தென்னை இருக்கு. ரப்பரைக் குத்தகைக்கு விட்டுட்டு நீங்க அங்க எட்டிப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு? கோழிய அங்க வளத்தா முட்டை போடாதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு பார்த்தேன்.

"அங்க போனா கேப்பாங்கடே."

"என்ன கேப்பாங்க?"

"வேலை போயிட்டான்னு கேப்பாங்க. மாமா கேப்பாரு. உங்க மதினி வீட்டுல கேப்பாங்க. கோயில்ல கேப்பாங்க. அங்கன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்லா."

அப்போதான் எனக்கு உறைச்சுது. சொந்த ஊர்ல எளிமையா வாழ்ந்தா அதுக்குத் தோத்துட்டான்னு பேரு. அதையே விமானம் ஏறிப் போய், அடுத்தவன் ஊர்ல செஞ்சா வீடியோ. டான்ட்டி மகன் புரூக்ளின்ல மாட்டிட்டு நிக்கிறதும், அண்ணன் பெங்களூர்ல மாட்டிட்டு நிக்கிறதும் ஒரே இடத்துலதான். ரெண்டு பேரும் ஒருத்தர் ஊரை இன்னொருத்தர் மாத்திக்கிட்டா பிரச்சினை தீர்ந்துரும்னு தோணுச்சு. மார்த்தாண்டத்துல ஒரு கிரனேடாக்காரர் மரச்சீனி நட்டுட்டிருந்தா யாரும் அவரைத் தோத்தவன்னு சொல்ல மாட்டாங்க. பேட்டி எடுக்க வருவாங்க. :-)

சிரிச்சாலும், அண்ணன் குரல் கொஞ்சம் உடைஞ்சுதான் இருந்துச்சு. அதனால கேலி பண்ணாம உருப்படியா நாலு விஷயம் சொன்னேன். இங்க குடிமகன் அல்லாதவங்க நிலம் வாங்கணும்னா தனி உரிமம் வேணும். அதுக்கே நில மதிப்புல 10 சதவீதம் அரசாங்கத்துக்குக் கட்டணும், வக்கீல் காசு தனி. முதலீடு பண்ணினா குடியுரிமையே தர்ற திட்டமும் உண்டு, ரெண்டு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல ஆகும், அது எளிமைப் பிரிவுல வராது. இந்தியாவுல இருந்து நேர் விமானம் கிடையாது. நியூயார்க், மயாமி, லண்டன், டொராண்டோன்னு எங்கயாவது மாறணும், அதுக்கு விசா பார்க்கணும். வர்றதா இருந்தா டிசம்பர்ல வராதீங்க, ஜனவரியில எந்தத் தீவும் அழகாத்தான் இருக்கும். ஆகஸ்ட்ல வாங்க. மூணு மாசம் வாடகைக்கு இருங்க. பஸ்ல ஏறினதும் எல்லாருக்கும் சத்தமா குட் மார்னிங் சொல்லுங்க. சொல்லலன்னா உங்களை மரம்னு நினைச்சுப்பாங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸை நம்பாதீங்க. புயல் எச்சரிக்கை வந்தா ஜன்னலுக்குப் பலகை அடிக்கக் கத்துக்குங்க. அதுக்கப்புறமும் பிடிச்சிருந்தா பேசலாம்.

"டான்ட்டி நிலத்தை மட்டும் கேக்காதீங்க"ன்னும் சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. அது என் நிலமா என்ன?

சனிக்கிழமை டான்ட்டிக்கு ஜாதிக்காய் பொறுக்கக் கூடமாட நின்னேன். கீழ விழுந்ததைத்தான் எடுக்கணும், பழுத்து வெடிச்சு செக்கச்செவேல்னு பத்திரி தெரியும். அண்ணன் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "உங்க அண்ணனுக்கு வெட்டுகத்தி பிடிக்கத் தெரியுமா?"ன்னாங்க.

"மவுஸ்தான் பிடிப்பாரு."

"வரச் சொல்லு. மழைக்கு முன்னாடி ஓடை வெட்டணும். சோறு நான் போடறேன்."

புரோக்கர் கடுதாசி இன்னும் பைபிளுக்கு அடியிலதான் இருக்கு. லண்டன் தம்பி பதில் போடல. மகன் வாரத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடறான். டான்ட்டி விப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. வித்தா தப்புன்னு சொல்ற யோக்கியதையும் எனக்கு இல்ல. எழுபத்தோரு வயசுல முட்டிவலியோட அந்தச் சரிவுல ஏறி இறங்கறது நான் இல்ல.

நேத்து அண்ணன் வாட்சப்ல, "அந்த வலையூஞ்சல் படம் ஒண்ணு அனுப்புடே"ன்னு கேட்டிருந்தார். மலை உச்சித் தம்பதி ஊர்ல இல்ல, கேட் பூட்டியிருக்கு. அதனால டான்ட்டி வீட்டு சீமைச்சக்கை மரத்தைப் படம் பிடிச்சு அனுப்பினேன். காய் நிறைய தொங்குது இப்போ.

ரொம்ப நேரம் கழிச்சு பதில் வந்துச்சு.

"நம்ம கிணத்தங்கரையில நிக்கதும் இதானே?"

ஆமான்னேன்.

"அது இப்பவும் காய்க்குதாடே?"

எனக்குத் தெரியல. அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்னு போட்டிருக்கேன்.